நடுவில் வைக்கும் சாமான்

என் கணவர் ஊரார் வீட்டுச் சாமான்களைக் கட்டுகிறவர். வீடு மாறுகிறவர்களுக்குப் பெட்டி கட்டி, லாரியில் ஏற்றி, புது வீட்டில் இறக்கிக் கொடுப்பது அவர் தொழில். தான் கட்டிய பெட்டியில் ஒரு கண்ணாடி டம்ளர்கூட விரிசல் விட்டதில்லை என்பார். கேட்க ஆள் இருந்தாலும் சொல்வார், இல்லாவிட்டாலும் சொல்வார். அப்படிப்பட்டவர் கண்ணெதிரே நான் பெட்டி அடுக்கினால் சும்மா இருப்பாரா?

வெளிநாட்டில் இருக்கும் என் அக்காவுக்குக் கண்ணில் ஆபரேஷன். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிறவள், தன் கண்ணில் கத்தி வைக்கப்போகிறார்கள் என்றதும் குழந்தையாகிவிட்டாள். டாக்டர் இரண்டு முறை நாள் குறித்தும், இரண்டு முறையும் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாள். நான் வந்து கையைப் பிடித்துக்கொண்டால்தான் படுப்பாளாம். இனியும் தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் நான் கிளம்பினேன். அன்று மாலை விமானத்தில் ஏறினால்தான் ஆபரேஷனுக்கு அங்கே இருக்க முடியும்.

காலையில் என் பெட்டியைத் திறந்து பார்த்த கணவர், இது பெட்டியா, அழுக்குத்துணிக் கூடையா என்று கேட்டார். எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். கனமானது சக்கரத்துப் பக்கம், உடையக்கூடியது நடுவில், அதைச் சுற்றித் துணி. வேலையில் இறங்கிவிட்டால் அவருக்குக் காது கேட்காது, கை மட்டும் ஓடும். நான் குளித்துவிட்டு வருவதற்குள் பெட்டியை மூடிப் பூட்டி, குறுக்கும் நெடுக்குமாக டேப்பையும் சுற்றிவிட்டார். ஆட்டிப் பார்த்தேன், ஒரு சத்தமில்லை. மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். வெளியே சொல்லியிருந்தால் அன்று முழுக்க அதே பாட்டுதான்.

சாப்பிட்டுவிட்டு வந்து கைப்பையைத் திறந்தால் பாஸ்போர்ட் இல்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் திரும்பும்வரை அண்ணனுக்குத் துணையாக இருக்க வந்திருந்த என் நாத்தனார், மெத்தையைப் புரட்டினாள், அலமாரியைக் கவிழ்த்தாள், ஃபிரிட்ஜைக்கூடத் திறந்து பார்த்தாள். ஏன் என்றால், அவள் மூக்குக்கண்ணாடி ஒருமுறை அங்கேதான் கிடைத்ததாம். கணவரைக் கேட்டால், கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்றார். கார் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா வேறு, கிளம்பிவிட்டாயா என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரம் முழுக்க அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அக்காவை இங்கே வரவழைத்தால் என்ன என்றும், திரும்பி வரும் தேதியை முன்னால் கொண்டுவர முடியுமா என்றும் சும்மா கேட்பதுபோலக் கேட்டிருந்தார். எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம்.

"நான் போறது உங்களுக்குப் பிடிக்கல. எங்கயோ எடுத்து வச்சிட்டு வேடிக்கை பாக்குறீங்க."

சொல்லியிருக்க வேண்டாம். நாத்தனார் தேடுவதை நிறுத்திவிட்டாள்.

"பிடிக்கலதான்," என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "நீ இல்லாம இந்த வீட்டுல எனக்கு ஒரு பொழுது ஓடாது. அதுக்காக உங்கக்கா கண்ணோட விளையாடுவேனா?"

பிறகு, காலையில் கடைசியாகப் பாஸ்போர்ட்டை எங்கே வைத்தாய் என்று கேட்டார். கட்டில் மேல், கைப்பைக்குப் பக்கத்தில் என்றேன். அவர் முகம் மாறியது. தன் கைகளை ஒரு முறை பார்த்துக்கொண்டார். போய்க் கத்தியை எடுத்து வந்து, தான் சுற்றிய டேப்பைத் தானே அறுத்தார்.

மேலே இருந்த துணிகளைத் தள்ளினார். நட்டநடுவில் என் கம்பளிச் சட்டை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் காற்றுக் குமிழ் வைத்த பபிள் ஷீட் சுற்றிய ஒரு பொட்டலம். அதன்மேல், அவர் கம்பெனியில் கண்ணாடிச் சாமான்களுக்கு ஒட்டுகிற சிவப்புச் சீட்டு: உடையும், கவனம். பிரித்தால் பாஸ்போர்ட்.

நாத்தனார் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் சாய்ந்துவிட்டாள். "பாஸ்போர்ட் எங்கயாவது உடையுமா அண்ணே?"

அவர் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார். "கையில ஒரு சாமான் வந்தா, இது போனா வேற கிடைக்குமான்னுதான் முதல்ல பார்ப்பேன். இது போனா இவ போக முடியாதே. கை அதுபாட்டுக்கு நடுவுல வச்சிடுச்சு."

நான் போவது அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் அத்தனை சாமான்களில் அவர் கை பார்த்துப் பார்த்துப் பொத்தி வைத்தது என்னைக் கொண்டுபோகிற அந்த ஒன்றைத்தான். இந்த மனுஷனையா திருடனாக்கினேன் என்று இருந்தது. கோபத்தில் ஏதோ உளறிவிட்டேன் என்றேன். அதெல்லாம் இருக்கட்டும், டேப்பை எங்கே வைத்தேன், அதைத் தேடு முதலில் என்றார்.

கார் வந்தது. என்னை வழியனுப்ப அவர்கள் இருவரும் கூடவே கிளம்பினார்கள். எப்போதும் அவர் டிரைவருக்குப் பக்கத்தில்தான் உட்காருவார், வழி சொல்கிறேன் என்று அந்த ஆளைப் படுத்தியெடுக்க. அன்று நான் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். நாத்தனாரை முதலில் ஏறச் சொல்லி, அவரை அடுத்து ஏற்றி, நான் இந்தப் பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"முன் சீட்டு காலியாதானே இருக்கு. எதுக்கு ரெண்டு பேரும் என்னைப் போட்டு நெருக்குறீங்க?" என்றார் அவர்.

"உடையிற சாமானை எங்க வைக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க," என்றேன்.

அவர் கால்களை ஒடுக்கிக்கொண்டு, என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து வந்தார்.