லுப்பர்ட் கொடுத்த மதிப்பெண்

லுப்பர்ட் பொம்மையைக் குப்புறப் புரட்டி, வயிற்றில் ஓடிய அச்சுத் தழும்பை நகத்தால் தடவிக்கொண்டே போனார். மேசையின் மறுபாதியில் காபிக் கோப்பைகள் அடுக்கியிருந்தன. மத்தியானம் துக்கம் கேட்க ஜனங்கள் வந்துவிடுவார்கள். பக்கத்து அறையில், உடல் கெடாதிருக்க வைத்த குளிரூட்டும் தகட்டின் மேல், ஹார்மன் படுத்திருந்தார்.

பொம்மை ஒரு சாண் நீளம். கழுத்து நீண்ட, பச்சை நிற டைனோசர். நாளை ஹார்மனோடு சவப்பெட்டிக்குள் போகவேண்டியது. அலமாரியில் நிற்பவற்றில் நல்லதாக ஒன்றைத்தான் வைக்கவேண்டும் என்று ஹார்மனின் மனைவி ஃபென்னா பிடிவாதமாக இருந்தாள். நல்லது எது என்று சொல்ல லுப்பர்ட்டை விட்டால் க்ரோனிங்கன் ஊரிலேயே ஆள் கிடையாது. அவரும் ஹார்மனுமாக ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் இந்த டைனோசர்களைத் தேடி அலைந்தே கிழவர்களானவர்கள்.

லுப்பர்ட் பொம்மையை நிறுத்திப் பார்த்தார். நான்கு காலும் மேசையில் பட்டன. முகர்ந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் வாலைத் திருப்பினார்.

"பத்துக்கு அஞ்சு," என்றார்.

"அஞ்சா? ஹார்மன் இதைத்தானே ஒசத்தின்னு வெச்சிருந்தாரு!" என்றாள் ஃபென்னா.

"வால் நுனியைப் பாரு. அந்தப் பச்சை வேற, இந்தப் பச்சை வேற. எவனோ அப்புறமா பூசியிருக்கான். தேஞ்சிருந்தா ஒண்ணு கழிச்சிட்டு விட்டிருப்பேன். மேல பூசினா பாதி போச்சு. ஹார்மன் வாங்கின அன்னைக்கே சொன்னேன், கேட்டாத்தானே?"

மகள் ஹில்யா ஸ்பூன்களைத் துடைப்பதை நிறுத்தினாள். அடுத்து இவர் அப்பாவைப் பார்க்கப் போவார்.

கல்லீரல் கெட்டு மஞ்சளேறிப் போயிருந்த முகம் அது. சவத்தை அலங்கரிக்க வந்த பெண்ணிடம் ஃபென்னா, "பாக்க வர்றவங்க பயந்துடக் கூடாது, நல்லா பண்ணிடுங்க" என்று கேட்டுக்கொண்டாள். அந்தப் பெண்ணும் குறை வைக்கவில்லை. கன்னத்தில் சிவப்பு, உதட்டில் இளஞ்சிவப்பு, நெற்றியில் பவுடர். ஊர் நாடகத்தில் மாப்பிள்ளை வேஷம் கட்டியவர் மாதிரி அப்பா கிடந்தார். ஹில்யாவுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அம்மா ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று காலையில்தான் ரொட்டியை முழுசாகத் தின்றாள். அதனால் ஹில்யா வாயைத் திறக்கவில்லை. லுப்பர்ட்டின் வாய்தான் பயம். அது யார் வீடு, என்ன நாள் என்று பார்த்துப் பேசுகிற வாய் இல்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா நொறுங்கிவிடுவாள்.

"மாமா, முதல்ல ஒரு காபி குடிங்களேன்."

"காபி எங்கேயும் ஓடிடாது. அவனைப் பாக்காம போகவா வந்தேன்?"

உள்ளே போனதும் பழக்க தோஷம், மார்பில் தொங்கிய பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு ஏற்றிக்கொண்டார். நெற்றியிலிருந்து ஆரம்பித்துக் கீழே வந்தார். கன்னத்தருகே நின்றார். தலையைச் சாய்த்து, வெளிச்சம் விழும் பக்கமாக நகர்ந்து நின்று மறுபடி பார்த்தார். ஹில்யா அவர் முதுகையே முறைத்தாள்.

"எப்படி இருக்காரு?" என்றாள் ஃபென்னா, வாசற்படியில் நின்றபடி.

லுப்பர்ட் நிமிரவே இல்லை.

"பத்து."

"என்ன?"

"பத்துன்னேன். ஒரு குறை இல்ல."

ஹில்யாவுக்கு அந்தக் கிழவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. திரும்பினால் அம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது.

"நீ எதுக்காவது பத்து போட்டிருக்கியா லுப்பர்ட்?"

லுப்பர்ட் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

"உன் வீட்டுல இருக்கிற ஒண்ணுக்காவது?"

"இல்ல."

"என் கல்யாண கேக்குக்கே ஆறு போட்ட ஆளு நீ!"

"அது கொஞ்சம் வறண்டிருந்துச்சு," என்றார் லுப்பர்ட், தரையைப் பார்த்து.

ஃபென்னா நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். ஹார்மன் போனதிலிருந்து அழாதவள், சத்தம் போட்டே அழுதாள். ஹில்யா தோளைத் தொட்டதும் கையைத் தட்டிவிட்டாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "வெதுவெதுன்னு தண்ணி கொண்டா, ஹில்யா. துணியும்," என்றாள்.

நெற்றியிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். பவுடர் போனது. கன்னத்துச் சிவப்பு சுலபத்தில் போகவில்லை; துணியைப் பிழிந்து பிழிந்து ஒற்றினாள். மஞ்சள் திரும்பி வந்தது. கன்னத்துக் குழி வந்தது. இத்தனை வாரம் அவள் ஊட்டி, கழுவி, திருப்பிப் படுக்கவைத்த முகம்.

"இந்த ஆளைத்தான் நான் பாத்துக்கிட்டேன்," என்றாள். "அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியல."

வாசலில் மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை.

"இப்ப சொல்லு," என்றாள் ஃபென்னா.

லுப்பர்ட் பூதக்கண்ணாடியை மாட்டினார். கழற்றினார், சட்டை நுனியில் துடைத்தார், திரும்ப மாட்டிக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எட்டு."

"ரெண்டு எதுக்குக் கழிச்ச?"

"ஒண்ணு நிறத்துக்கு. ஒண்ணு மூக்குக்கு. இடது பக்கம் கோணல்."

"அது அச்சுலயே வந்த கோணல். அவங்க அப்பாவுக்கு அப்படித்தான். இதோ, இவ மூக்கையும் பாரு. அச்சுல வந்ததுக்குக் கழிக்கலாமா?"

லுப்பர்ட் நிஜமாகவே யோசித்தார். ஹில்யாவின் மூக்கைப் பார்த்தார், ஹார்மனின் மூக்கைப் பார்த்தார்.

"கழிக்கக் கூடாது," என்றார். "ஒம்பது."

"ம்," என்றாள் ஃபென்னா, காது மடலைத் துடைத்துக்கொண்டே.

மணி மறுபடி அடித்தது. சிவந்துபோன தண்ணீர்க் கிண்ணத்தைக் கீழே வைக்கத் தோன்றாமல், அதை ஏந்தியபடியே ஹில்யா கதவைத் திறக்கப் போனாள்.