ஏற்கெனவே செதுக்கிய பெயர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் அடுக்ககத்தில் எனக்கு மேல்மாடியில் இருக்கும் வில்மா, அக்டோபர் கடைசியில் ஒரு வாளியை என் கையில் கொடுத்து, "வா, என் கல்லறையைக் கழுவணும்" என்றாள். கணவன் ரூடோல்ஃபின் கல்லறை என்று சொல்லவில்லை. அவள் சொன்னதில் பிழையும் இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மலைகளுக்கு நடுவே, எனாமல் பாத்திர ஆலையின் புகைபோக்கிக்குக் கீழே, ஒரு சிறிய ஊர்

(வேண்டாம். எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அந்தப் புகைபோக்கியில்தான் ஏறுகிறார்கள். எனக்கு ஏறத் தெம்பில்லை.)

2

கல்லில் இருப்பது இவ்வளவுதான்:

ரூடோல்ஃப் 1944 – 1988
வில்மா 1949 – 19

ஆமாம், அந்தப் பத்தொன்பதோடு நிற்கிறது.*

"பாரு, போன நூற்றாண்டுலயே நான் கிளம்பியிருக்கணும். லேட்டாயிடுச்சு" என்றாள் வில்மா, பிரஷ்ஷால் தன் பெயரைத் தேய்த்துக்கொண்டே.

"சிரிக்காதீங்க வில்மா."

"பின்ன அழவா சொல்ற, எழுத்தாளரம்மா? புனிதர் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தியோட வந்து என் பேரைப் படிக்குது. நான் பக்கத்துலயே நின்னு எல்லாருக்கும் வணக்கம் சொல்றேன்."

வாளித் தண்ணீர் ஆலைக் கரியில் கறுத்துவிட்டது. அதைக் கொட்டிவிட்டுச் சொன்னாள்: "இம்ரிக் கூப்பிடறான். கல்யாணம் பண்ணிக்கிட்டு அவன் வீட்டுக்கே வந்துடச் சொல்றான்."

* தம்பதியில் ஒருவர் இறந்தால் மற்றவர் பெயரையும் சேர்த்தே செதுக்கிவிடுவது எங்கள் வழக்கம். பிறந்த வருடமும் ஒரு கோடும் போட்டு மிச்சத்தைக் காலியாக விடுவார்கள். அப்போதெல்லாம் சாகிற எல்லோருக்கும் 19தான். செதுக்கியவன் பழக்கத்தில் அதையும் வெட்டிவிட்டான். அவளுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. யாரும் யோசிக்கவில்லை, அவள் உட்பட.

3

இம்ரிக்கை எனக்கு எழுத வரவில்லை. ஆலையில் சூளை பார்த்து ஓய்வுபெற்றவர், மனைவி ஹெட்விகாவை இழந்தவர், ரயில் பாதைக்கு அப்பால் பிளம் மரங்களோடு ஒரு சின்ன வீடு. முதல் வரைவில் அவரைக் குடிகாரராக்கினேன். அப்படியிருந்தால் வில்மா மறுத்துவிடுவாள், கதை சீக்கிரம் முடியும், நான் தூங்கப் போகலாம். ஆனால் நிஜ இம்ரிக் நல்லவர். நல்லவர்களால்தான் எனக்கு வேலை கூடிப்போகிறது.

வில்மாவுக்கு ஒரே பிடிவாதம். கல்லிலிருந்து பெயரை எடுத்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போவாள். "உசுரோட ஒருத்தன்கூட, செத்தா இன்னொருத்தன்கூடயா? நான் என்ன ஷிஃப்டு வேலையா பாக்கறேன்?"

கல்லறைக் கல்லில் பெயர் வெட்டும் யுராய் வந்து கல்லைத் தடவிப் பார்த்தான்.

"ஒரு பேரை மட்டும் எடுக்க முடியாதும்மா. ஆழமா வெட்டியிருக்கான். கல்லோட முகத்தையே முழுசா தேய்க்கணும். முதல்ல ரெண்டு பேருமே போயிடுவீங்க. அப்புறம் அவரை மட்டும் புதுசா வெட்டித் தரேன்."

ஆஸ்திரியாவில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கும் வில்மாவின் மகள் டாரினா தொலைபேசியில் கத்தியது எனக்கும் கேட்டது. "அப்பாவை அழிக்கப் போறியா? அப்புறம் அவர் தனியாக் கிடக்கணுமா?"

4

(இந்தப் பகுதியில் நான் எதையும் சேர்க்கவில்லை. இம்ரிக் வீட்டு அடுப்படியில் அவர்களோடு இருந்தேன்.)

இம்ரிக் பிளம் ஜாம் கிண்டிக்கொண்டிருந்தார். ஆலையில் கழித்துப்போட்ட, விளிம்பு உடைந்த பெரிய பாத்திரம். எல்லார் வீட்டிலும் இருப்பதுதான்.

"என் பேரும் அங்கதான் இருக்கு. ரெண்டு வரிசை தள்ளி, ஹெட்விகாகூட" என்றார்.

"தெரியாதா எனக்கு? போன வருஷம் உன் கல்லையும் நான்தானே கழுவினேன். சரி, நான் என் பேரை எடுத்தா நீயும் உன் பேரை எடுப்பியா?"

கரண்டி நின்றது.

"அவ என்ன தப்பு பண்ணா, வில்மா?"

"ரூடோ மட்டும் என்ன தப்பு பண்ணான்?"

ஜாம் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவர்தான் மறுபடி பேசினார்: "எடுத்தாலும் வா, எடுக்காட்டியும் வா. இருக்கிற வரைக்கும் ஒண்ணா இருப்போம்."

"அதுக்கப்புறம்? நீ அவகிட்டப் போயிடுவ. என் பேரையும் எடுத்துட்டா நான் எங்கே கிடப்பேன்?"

அந்த நேரம் அவர் மனதில் என்ன ஓடியது என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். எனக்குத் தெரியாது.

5

முடிவுகளைப் போட்டுப் பார்த்தேன். அவள் பெயரை அழித்துவிட்டு இம்ரிக்கிடம் போகிறாள்: துணிச்சலான முடிவு, கைதட்டல் கிடைக்கும். ஆனால் கடைசியில் அவளுக்கென்று ஒரு கல்லும் இல்லை. அழிக்காமல் போகிறாள்: விவேகமான முடிவு. வருடத்துக்கு ஒருமுறை புதுக் கணவனோடு வந்து பழைய கணவனுக்குப் பக்கத்தில் இருக்கும் தன் பெயரைக் கழுவுவாள். போகவே இல்லை: இது மகளுக்குப் பிடித்த முடிவு. மேல்மாடியில் அவள் நடக்கும் சத்தம் எனக்குத் தொடர்ந்து கேட்கும் என்பதால், ஒரு மூலையில் எனக்கும் இதுதான் வேண்டியிருக்கிறது. அதனாலேயே அதை நம்ப முடியவில்லை. நான்காவதாக ஒன்று, அவளே தனக்கென்று தனியாக

(எந்த இடத்தில்? யார் வந்து கழுவுவார்கள்? விட்டுவிட்டேன்.)

சோர்வாக இருக்கிறது. அவளைக் கேட்காமல் செதுக்கினார்கள். அவளைக் கேட்காமல் மகள் கத்துகிறாள். இப்போது நான் அவளுக்காக மேசையில் உட்கார்ந்து முடிவு செய்கிறேன்.

6

திருநாளுக்கு முன்பே யுராய் வந்துவிட்டான். கல்லறைத் தோட்டத்தில் மின்சாரம் கிடையாது. ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்தான். அது இரண்டு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியதும், பக்கத்தில் சாமந்தி வைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இம்ரிக் வாசலிலேயே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"சொல்லுங்கம்மா! தேய்ச்சிட்டா திரும்ப ஒட்ட முடியாது!" யுராய் கத்தினான்.

வில்மா என்னைப் பார்த்தாள். "நீதானே எழுதற. நீ சொல்லேன்."

நான் தலையை ஆட்டினேன், சொல்ல மாட்டேன் என்று. அவளுக்குக் கோபம் வந்தது. வரட்டும்.

அவள் திரும்பி யுராயின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். சின்ன வாக்கியம்தான். ஜெனரேட்டர் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது. ஒருமுறை தலையசைத்துவிட்டுக் குனிந்தான். அங்கே தரையில் கல்லைத் தேய்க்கும் இயந்திரமும் கிடந்தது, பக்கத்திலேயே ஜெனரேட்டரை நிறுத்தும் விசையும் இருந்தது.

நான் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்தேன். நீங்கள் வேண்டுமானால் நின்று பாருங்கள்.