பத்தாவி மொச்சை

பானையின் மூடியைத் தூக்கிய முனியம்மாள் பின்னால் நகர்ந்து ஓலைத் தட்டியில் மோதிக்கொண்டாள். உள்ளே தண்ணீரில் வெள்ளை வெளேரென்று நாலு துண்டங்கள் கிடந்தன.

"அடிப்பாவி! காப்புக் கட்டுன ஊட்ல சுறாவா துன்னுற?"

பிள்ளையை மடியில் போட்டிருந்த இருசம்மாள் வாயைத் திறப்பதற்குள் மாமியாரின் குரல் கோட்டைக்குப்பம் முழுக்கப் போய்விட்டது. அம்மனுக்குக் காப்புக் கட்டி அன்று ஏழாம் நாள். படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. பத்து நாளைக்கு எந்த வீட்டிலும் மீன் வாடை வரக்கூடாது. அதிலும் இது கரகம் எடுக்கிறவன் வீடு. இருசம்மாளின் புருஷன் நீலமேகம் பத்து நாளும் கோயிலை விட்டு நகர முடியாது. இங்கே நடப்பது அவன் காதில் விழுந்தாலும் வர முடியாது.

நாட்டாமை பார்க்கும் துளசிங்கம் வந்தார். அவருக்குப் பின்னால் பாதிக் குப்பம் வந்தது. ஏழு நாளாக வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த ஜனத்துக்கு இது போதாதா?

"இன்னாம்மா இது?"

"மொச்சை, நாட்டாரே. பத்தாவி மொச்சை. கோட்டையில சமைக்குதே ரோசி, அது குடுத்துச்சு."

ரோசியை எல்லோருக்கும் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் பத்தாவிப் பட்டணத்திலிருந்து கப்பலில் அடிமையாக வந்து, கோட்டையில் இருக்கும் ஒல்லாந்து வெள்ளைக்காரனின் சமையற்கட்டில் வேகிறவள். உப்புப் பாத்தியில் உப்பு வாரிய பிறகு தங்கும் கசப்புத் தண்ணீரை அவள் கேட்டு வாங்குவாள். யாருக்கும் வேண்டாத அந்தத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுபோய்க் கொடுத்து வந்தவள் இருசம்மாள். அது எதற்கென்று ஒரு நாள் கண்ணால் பார்த்தாள். கப்பலில் வரும் அந்த மொச்சையை ஊறவைத்து அரைத்து, வடித்து, காய்ச்சி, கசப்புத் தண்ணீரில் ரெண்டு கரண்டி விட்டதும் பால் திரிந்து கட்டியானது.

"மொச்சைன்னா தோலு எங்க? பருப்பு எங்க?" என்றார் துளசிங்கம்.

"அரைச்சு வடிச்சது."

"செஞ்சு காட்டு."

"கொட்டை தீந்துபோச்சு. இனிமே கப்பல் வந்தாத்தான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இருசம்மாள் உண்மையைத்தான் சொன்னாள், சொன்ன பிறகு அவளுக்கே அது புளுகாகக் கேட்டது.

பிள்ளை பிறந்து நாற்பத்திரண்டு நாள். பால் ஊறப் பால்சுறாப் புட்டு தின்பதுதான் இந்தக் கரையில் வழக்கம். ரெண்டு வாரம் தின்றாள், மார் கனத்தது. காப்புக் கட்டியதும் கஞ்சியும் கீரையும்தான். மூன்றாம் நாளே பால் சுருங்கிவிட்டது. பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது, துணி நனையவில்லை. அன்றைக்குத்தான் ரோசி இந்தத் துண்டங்களை இலையில் சுற்றிக் கொடுத்தாள். எங்கள் ஊரில் மீன் கிடைக்காதவர்களுக்கு இதுதான் மீன், தெம்பு வரும், பிள்ளைக்காரி தின்னலாம் என்று அரைகுறைத் தமிழில் சொன்னாள். மாமியாருக்குச் சொல்லாமல் நாலு நாளாகத் தின்கிறாள். நேற்று விடியலில் பிள்ளையின் துணி நனைந்திருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள்.

துண்டத்தைத் தின்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் யார் தின்பது? சின்னது பெரியது எல்லார் கையிலும் மஞ்சள் நூல். மீனாக இருந்துவிட்டால் தின்றவன் காப்பும் போச்சு.

"பூனைக்குப் போடுங்க" என்றான் ஒருவன்.

ஒரு துண்டைக் கிள்ளி மணலில் போட்டார்கள். விலா எலும்பு தெரிந்த பூனையொன்று ஓடி வந்தது, முகர்ந்தது, மண்ணோடு சேர்த்து விழுங்கியது.

"ஏழு நாளா மீனு இல்லாத பூனை, கயித்தப் போட்டாலும் துன்னும்!" என்று கத்தினாள் இருசம்மாள். அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

துளசிங்கம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "பானைய ஏரில கவுத்துடு. தீமிதி முடியறவரைக்கும் நீ எல்லைக்கு அந்தாண்ட குடிசையில இரு. கரகம் எடுக்குறவன் புள்ள எல்லை தாண்டக்கூடாது. மாமியார்கிட்ட குடுத்துட்டுப் போ."

மூன்று நாள். இந்தப் பிள்ளை மூன்று நாள் தாங்காது. இருசம்மாள் எழுந்திருக்கவில்லை. சேலையை இழுத்து மறைத்துக்கொண்டு பிள்ளையை மாரோடு சேர்த்தாள். பிள்ளை கவ்வியது. மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது.

பிள்ளையை வாங்கக் கையை நீட்டிக் குனிந்த முனியம்மாள் அப்படியே நின்றாள். நாலு நாளாக அவளும் அந்தச் சத்தத்துக்குத்தான் காது கொடுத்துக் கிடந்தாள்.

நிமிர்ந்து பானைக்குப் போனாள்.

"முனியம்மா, கையில காப்பு இருக்குது" என்றார் துளசிங்கம்.

அவள் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். தாடை மெல்ல அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. விழுங்கினாள். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. மிச்சத் துண்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நேராகத் துளசிங்கத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"இந்தா நாட்டாரே. துன்னு பாரு."

அவர் வாங்கவில்லை, விலகவும் இல்லை. துண்டத்திலிருந்து தண்ணீர் வடிந்து, அவள் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் நூலை நனைத்து, அவருடைய காலடி மணலில் சொட்டியது.