நாற்பத்தொன்றாவது கேள்வி

ஆட்டம் முடிய நான்கு நிமிடம். ஒன்றுக்கு ஒன்று. பந்து எங்கள் கோல் கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. கோல் கிக்.

ஷெல்பி ஹல்லோரன், எங்களுக்கெல்லாம் ஹாலோ, அதை உதைக்கவில்லை.

நான் பைனாகுலரை இறக்கினேன். எங்கள் பெண்கள் கால்பந்து அணியான ஜீலாங் பெலிகன்ஸின் கோல்கீப்பர், நான்கு வருடமாக வலது காலால் பந்தைப் பாதி மைதானத்துக்கு அப்பால் அனுப்பியவள், அதைப் புல்லில் வைத்துவிட்டு ஒதுங்கினாள். வேறொருத்தி ஓடி வந்து உதைத்தாள். இதோடு மூன்றாவது வாரம்!

"பாத்தியா மெர்வ்?"

"எதை?" ட்ரம் அடிக்க ஆரம்பித்தால் எதுவும் காதில் விழாத சக ரசிகர் மெர்வ், அன்று சாசேஜைக் கடித்துக்கொண்டிருந்ததால் பதில் சொன்னார்.

"ஹாலோ கோல் கிக் எடுக்கல."

"ஏம்மா ப்ரான், ஜெயிக்கிறோமா தோக்கிறோமான்னே பாக்க மாட்டியா? உனக்குன்னு தனியா ஒரு மேட்ச் நடக்குதா?"

நடந்தது என்னவோ உண்மைதான். முப்பத்தோரு வருடம் கம்பளிக் கிடங்கில் தரம் பிரித்தவள் நான். ஒரு பிடி வெள்ளைக் கம்பளியில் ஒரே ஒரு கறுப்பு இழை இருந்தாலும் விரல் அங்கே போய் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை அதே கண்ணோடுதான் மைதானத்துக்கு வருவேன்.

பார்ப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவேன். மாற்று ஆட்டக்காரிகள் காலுறையில் ஏன் ஓட்டை வெட்டுகிறார்கள்? உடை மாற்றும் அறையில் பாட்டு போடும் அதிகாரம் யாருக்கு? சீசன் முடிந்ததும் இவர்கள் எல்லாம் எங்கே காணாமல் போகிறார்கள்? திங்கட்கிழமை தோறும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ரசிகர்களின் இணையப் பக்கத்தில் போடுவேன். 'ப்ரானின் கேள்வி' என்றால் எங்கள் ஊரில் கொஞ்சம் பெயர் உண்டு. கிளப்பிலிருந்து ஒருவரும் இதுவரை பதில் சொன்னதில்லை. ஆளுக்கொரு ஊகம் எழுதுவார்கள். அதுதான் ருசியே.

இத்தனைக்கும் கேட்க வழி இல்லாமல் இல்லை. ஆண்கள் அணி ஆட்டம் முடிந்ததும் நேரே பஸ்ஸில் ஏறிவிடும். எங்கள் பெண்கள் அப்படியல்ல. வியர்வை காயும் முன்பே வேலியோரமாக ஒரு சுற்று வருவார்கள். ஒவ்வொருவரிடமும் நிற்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள், நாய்க்குட்டியைத் தடவுவார்கள். எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

அன்றும் ஹாலோ வந்தாள். வேலியில் முழங்கையை ஊன்றினாள். உடம்பின் பாரம் முழுக்க இடது காலில். கேள்வி என் நாக்கின் நுனியில் இருந்தது.

"நல்லா ஆடினே கண்ணு," என்றேன்.

"தேங்க்ஸ் ப்ரான்."

போய்விட்டாள். நான்கு வருடமாக இது ஒன்றைத்தான் சொல்கிறேன். கிட்டே வந்தால் எனக்கு வாய் கட்டிக்கொள்ளும்.

திங்கட்கிழமை காலை, டீ ஆறுவதற்குள் எழுதி முடித்தேன். கேள்வி 41: ஹாலோ ஏன் மூன்று வாரமாகக் கோல் கிக் எடுக்கவில்லை? பாய்ந்தால் இடது பக்கமே ஏன் விழுகிறாள்? எழும்போது வலது காலை மடக்காமலே எழுகிறாளே, ஏன்? கூடவே மூன்று சின்ன வீடியோத் துண்டுகள்.

சாயங்காலத்துக்குள் இருநூறு பதில். பிசியோதெரபி படிக்கும் ஒரு பையன், எந்தச் சவ்வு கிழிந்திருக்கும் என்று பெயரோடு எழுதினான். யாரோ அவள் முழங்காலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்கள். அந்தப் படம் எங்கள் பக்கத்தை விட்டு வெளியே போனது.

"பிரபலமாயிட்டே போ," என்று மெர்வ் போன் செய்தார். சிரித்தேன். கடவுளே, நான் சிரித்தேன்.

கடைசி ஹோம் மேட்ச். முந்தின நாளே வந்த ஆடுபவர்கள் பட்டியலில் ஹாலோவின் பெயர் இல்லை. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி கோலில் நின்றாள். இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம். ட்ரம் கிழியும்போல் மெர்வ் அடித்தார். நான் நோட்டைத் திறக்கவே இல்லை.

வேலிச் சுற்றில் ஹாலோவும் வந்தாள், ட்ராக்சூட்டில், மெதுவாக. என் எதிரே நின்றாள். நான் நீட்டிய பேனாவை வாங்கவில்லை.

"நாப்பத்தொண்ணு. நீங்கதானே?"

"ஆமா, கண்ணு. நான் சும்மா..."

"நார்வேல ஒரு கிளப். ரெண்டு வருஷம் ஒப்பந்தம். ஜூலைல அங்க போய் மெடிக்கல் டெஸ்ட் முடிச்சா கையெழுத்து. எட்டு வாரம் ரெஸ்ட் எடுத்தா முட்டி சரியாயிடும்னாங்க. ஜூலைக்குள்ள ஆயிருக்கும். இன்னும் ரெண்டு மேட்ச் மட்டும் பல்லைக் கடிச்சுட்டு ஓட்டிடலாம்னு நெனச்சேன்." மூச்சு விட்டாள். "உங்க வீடியோவை அவங்க பாத்துட்டாங்க. உடனே ஸ்கேன் அனுப்புன்னாங்க. அனுப்பினேன். வேற ஆள் எடுத்துட்டாங்க."

எனக்குப் பின்னால் மெர்வ் ட்ரம் அடிப்பதை நிறுத்தியிருந்தார்.

"அழிச்சுட்டேன். நேத்தே அந்தப் பதிவை அழிச்சுட்டேன்," என்று உளறினேன்.

"பரவால்ல. மறைச்சது நான்தான். நீங்க பொய் எழுதலையே." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நாலு வருஷமா வாராவாரம் இதே இடத்துல நிக்கிறேன். உங்க மூஞ்சிக்கு நேரா. ஏன் என்கிட்டயே கேக்கல? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க ப்ரான்னும் சொல்லியிருப்பேன்."

திறக்காத நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அவள் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். பிறகு பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணின் பந்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தாள்.

பெலிகன்ஸ் அடுத்த சீசனுக்கு அவளோடு ஒப்பந்தம் போடவில்லை. அந்தப் பத்தொன்பது வயதுக்காரியே போதும் என்று நினைத்தார்களோ என்னவோ. நான் கேட்கவில்லை. கேள்வி போடுவதையே விட்டுவிட்டேன். சீசன் தொடங்கியதும் நான்கு பேர் எழுதிக் கேட்டார்கள், "ப்ரான் எங்கே?" என்று. பதில் எழுதவில்லை.

மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழமை. அதற்குள் தக்காளி நட்டுவிட வேண்டும் என்று ஊரே செடி வாங்க அலையும் நாள். நெடுஞ்சாலையோர நர்சரியில் மூன்று நாற்றுகளோடு வரிசையில் நின்றேன். கல்லாவில் பச்சை ஏப்ரன் கட்டி நின்றது ஹாலோ. சீசன் முடிந்ததும் எங்கே போகிறார்கள் என்ற கேள்விக்கு விடை அங்கே நின்றது.

திரும்பிப் போயிருக்கலாம். வரிசை என்னைத் தள்ளிக்கொண்டுபோய் அவள் முன் நிறுத்தியது.

"ப்ரான்," என்றாள்.

முட்டி எப்படி இருக்கு? மறுபடி ஆடுவியா? நார்வேக்காரர்கள் மறுபடி பேசினார்களா? கேட்க வேண்டிய மன்னிப்பை எங்கிருந்து ஆரம்பிப்பது? மூன்று நாற்றுகளையும் கல்லா மேல் வைத்தேன்.

"இதுக்கு... தண்ணி எவ்ளோ ஊத்தணும்?"

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

"வாரத்துக்கு ரெண்டு தடவை. அடியில ஊத்துங்க. இலையில படக் கூடாது."

"தேங்க்ஸ், கண்ணு."

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு உர மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்பக்கம் நடக்க ஆரம்பித்தாள். எந்தக் காலை ஊன்றி நடக்கிறாள் என்று என் கண் தானாகவே இறங்கியது. சட்டென்று தலையைத் திருப்பி, தக்காளி நாற்றுகளின் இலைகளை எண்ணத் தொடங்கினேன்.