தொட்டிக் கடல்

ஜனாஸாவைச் சுமந்து போனவர்கள் தெருமுனை திரும்பியதும், இறந்தவரின் அக்கா பாத்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அண்டாவைக் கவிழ்த்தாள். பிறகு குடங்கள், தவலை, குளியலறை வாளி. தொழுகைக்குக் கைகால் கழுவி ஒலூச் செய்கிற கெண்டியைக்கூட விடவில்லை. சாவு விழுந்து மௌத்தான வீட்டுத் தண்ணீரைச் சொட்டு விடாமல் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுக்க வேண்டும் என்பது அந்தத் தெரு வழக்கம். எந்தக் கிதாபில் இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் செய்யாமல் விட்ட வீடும் கிடையாது. காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு மற்றப் பெண்கள் தெருக் கிணற்றுக்குப் போனார்கள்.

உள் அறையில் வெள்ளைத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்த ஜொஹரா, ஒவ்வொரு பாத்திரமும் காலியாகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். விடிகாலைச் சுபுஹு பாங்குக்குப் பிறகு கண்ணை மூடிய கணவர் சைனுதீனுக்காக அவள் இன்னும் அழுது முடிக்கவில்லை. அதற்குள் வேறொரு பயம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. ஜன்னலோரம் இருக்கிற கண்ணாடித் தொட்டியிலும் தண்ணீர்தானே இருக்கிறது?

சைனுதீன் மீனாட்சிபுரத்தில் கருவாட்டு வியாபாரி. ஆயுளெல்லாம் செத்த மீனை எடை போட்டவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் உயிருள்ள மீன் மேல் ஆசை வந்தது. இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, ஒழுகாமல் இடுக்கில் மக்குப் பூசித் தொட்டி செய்தார். கடற்கரை ஊரான பொன்னானிக்குக் கருவாடு ஏற்றப் போகும் லாரிக்கார அப்துல் நாசர், போகும்போதெல்லாம் ஒரு குடம் கடல் தண்ணீர் கொண்டுவருவான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ராவுத்தர் கடலுக்கே கடை வைத்துவிட்டார் என்று சிரித்தார்கள். காலையும் மாலையும் அவர் தொட்டித் தண்ணீரை அகப்பையில் மொண்டு உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றுவார். தண்ணீருக்கு மூச்சு வேண்டுமாம்.

மீன்கள் நாலு நாளில் செத்துப்போயின. வலையில் சிக்கியதென்று நாசர் கொண்டுவந்து போட்ட கல்தான் பிழைத்தது. அழையாத விருந்தாளிகள் அதிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நூல் போல ஐந்து கை உள்ள ஒன்று. தொட்டால் சுருங்குகிற பூ ஒன்று. உடம்பெல்லாம் மயிர் முளைத்த புழு ஒன்று. அதைத் தொட்டுவிட்டு அவர் கையைச் சொறிந்துகொண்டு அலைந்தார். ஜொஹரா தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே திட்டினாள். பெயர் கேட்டு வரச் சொல்லி நாசரை அனுப்பினால், தின்னாததுக்கெல்லாம் நாங்கள் பெயர் வைப்பதில்லை என்று பொன்னானியிலிருந்து பதில் வந்தது. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் தாங்களே உட்கார்ந்து பார்த்துப் பெயர் வைத்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவ்வளவு பேசியதில்லை என்று ஜொஹராவுக்குத் தோன்றும். அவளுக்கு அது பிடித்திருந்தது.

பிடிபடாமல் போனது ஒன்றுதான். இளைப்பு வந்து சைனுதீன் படுத்துவிட்ட அந்த அறையில் இரண்டு மாதமாக அவ்வப்போது டக்கென்று ஒரு சத்தம், விரலைச் சொடுக்கியதுபோல. சைனுதீனின் அக்கா பாத்து அதைப் பல்லி என்றாள். நோயாளி படுத்திருக்கிற அறையில் பல்லி சொல்வது நல்லதல்ல என்று விளக்குமாற்றோடு சுவர் சுவராக அலைந்தாள். கண்ணாடி விரிசல் விடுகிறது என்றாள் ஜொஹரா. இளைப்பில் மூச்சு வாங்கியபடி சைனுதீன் மட்டும் கல்லில் இருந்த பொந்தைக் காட்டினார். நேற்று மாலைகூடச் சொன்னார்.

"சத்தம் அந்தப் பொந்துக்குள்ளிருந்துதான் வருது. எனக்குக் குடுத்து வெக்கல. நீயாச்சும் பாத்துரு."

பார்க்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.

பாத்து வாளியோடு அறைக்குள் வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. தம்பிக்கு அவள் செய்யக்கூடிய கடைசி வேலை இதுதான் என்பது ஜொஹராவுக்குப் புரிந்தது. அதனாலேயே வாய் வரவில்லை. பாத்து ஒரு வாளி மொண்டு போய்க் கொல்லையில் தென்னைக்கு ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். தொட்டியில் தண்ணீர் இறங்கி, கல்லின் தலை வெளியே தெரிந்தது. வாளியை மறுபடி உள்ளே விட்டபோதுதான் ஜொஹராவுக்கு நாத்தனாரைத் தடுக்கக் குரல் வந்தது.

"மச்சி, அத உட்டுருங்க. அது நாம குடிக்கற தண்ணியில்லீங்க."

"எந்தத் தண்ணியானாலும் மௌத்துப் பாத்த தண்ணி ஊட்ல இருக்கக்கூடாது."

"மௌத்து மட்டுமாங்க பாத்துது? அவரும்தான் தெனமும் அதப் பாத்துட்டிருந்தாரு."

பாத்து வாளியைத் தொட்டிக்குள்ளேயே பிடித்திருந்தாள். மேலே தூக்கவில்லை.

டக்.

பழக்கதோஷத்தில் பாத்து மேலே உத்தரத்தைப் பார்த்தாள். ஜொஹரா எழுந்து வந்து தொட்டியின் முன் உட்கார்ந்தாள். தண்ணீர் இறங்கிப் பாதி வெளியே வந்துவிட்ட பொந்திலிருந்து இரண்டு மீசைகள் நீண்டன. பிறகு ஒரு கொடுக்கு, உடம்புக்குப் பொருந்தாத பருமனில். அதன் பின்னால் விரல் நீளத்துக்குப் பச்சையாக ஒன்று, கல்லைப் பிடித்துப் பிடித்துத் தண்ணீர் இருக்கிற பக்கமாக இறங்கியது. கீழே வந்து நின்று கொடுக்கைச் சொடுக்கியது. டக்.

காய்ந்த இறாலை மூட்டை மூட்டையாகப் புடைத்தவள் அவள். இனம் தெரிய மீசையும் வாலும் போதும்.

"எறாலுங்க மச்சி. ஒரு கை மட்டும் பெருத்த எறாலு."

பாத்து குனிந்தாள். முகத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனாள். அது இன்னொரு முறை சொடுக்கியதும் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள்.

"இதுக்கா நா வெளக்கமாத்தத் தூக்கீட்டுத் திரிஞ்சேன்?"

ஜொஹராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மௌத்தான வீடு என்று வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்கு மேலே கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அது துக்கத்துக்கா, பார்த்துவிட்டோம் என்ற சந்தோஷத்துக்கா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பாத்துவும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள். பிறகு வாளியில் மொண்டிருந்ததைத் தொட்டியிலேயே விட்டாள். ஆனாலும் பொந்து பாதி வெளியேதான் இருந்தது. தென்னைக்குப் போன தண்ணீர் போனதுதான். இறால் மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றது.

கொல்லைக் கதவு தட்டப்பட்டது. கிணற்றுக்குப் போனவர்கள்தான் என்று பாத்து போய்த் திறந்தாள். நாசர் நின்றிருந்தான். லாரியைக் கடைப் பக்கம் விட்டுவிட்டு, கடை பூட்டியிருக்கவே சந்து வழியாக நேராக வந்திருந்தான். தோளில் கடல் தண்ணீர்க் குடம்.

"அண்ணங்கிட்டச் சொல்லுங்கக்கா. இன்னிக்குத் தண்ணி தெளிவாக் கெடச்சுது."

பாத்து தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் மாறியது. இந்தக் குடத்தை இனி என்ன செய்வது என்று தெரியாமல், இறக்கவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் அப்படியே நின்றான்.

பாத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"குடுப்பா. ஊட்ல பொட்டுத் தண்ணியில்ல."

குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சிந்திவிடாமல் நிலைப்படியை மெல்லத் தாண்டினாள்.