ஜாம் பாட்டிலில் ஒரு வில்லன்

1
இந்தக் கதை பிறந்த இடத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஓர் ஆய்வக வாசலில் ஒருவர் ஜாம் பாட்டிலை இரு கையாலும் ஏந்தி நின்றார். லேபிளைக் கிழிக்க மறந்திருந்தார். உள்ளே இருந்தது ஜாம் அல்ல. (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.)

2
அவரை லிஃப்ட் மெக்கானிக் ஆக்கினேன். பதினொரு மாத மகள், செல்லப்பெயர் உருண்டை. நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. காலையிலிருந்து ஒரு சொட்டு மூத்திரம் இல்லை. அதைப் பார்த்துத்தான் மனைவியோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார்.

"எந்தக் கிருமின்னு சொல்லுங்க டாக்டர். பழுது எங்கேன்னு தெரியாம நான் ஸ்க்ரூவத் தொட மாட்டேன்."

"ரிசல்ட் வர ரெண்டு நாளாகும். எதுவா இருந்தாலும் போனது தண்ணியும் உப்பும். முதல்ல அதைத் திருப்பிக் குடுங்க. ஒரு மணி நேரம் இங்கயே இருங்க, பாப்போம்."

"பவரா ஒரு ஆன்டிபயாடிக்?"

"வைரஸா இருந்தா, அது செவிடன் காதுல ஊதின சங்கு."

3
கிருமியின் பேர் தெரிய எனக்கும் அவர் அவசரம்தான். வில்லன் இல்லாமல் கதையா?

'ஷிகெல்லா என்ற பாக்டீரியா பல்லைக் கடித்தபடி—' வேண்டாம். அதுவென்றால் பெரும்பாலும் மலத்தில் ரத்தம் தெரியும், உருண்டைக்கு இல்லை.

'சக்கரம் போன்ற ரோட்டா வைரஸ் உருண்டு உருண்டு—' தடுப்புச் சொட்டு போட்டாயிற்று என்று அவர் மனைவி தடுப்பூசி அட்டையை நீட்டுகிறாள். [போட்ட பிள்ளைக்கும் வரலாம், அவ்வளவு மூர்க்கமாக வராது. என் வில்லனுக்கு மூர்க்கம் வேண்டும்.]

'நோரோ வைரஸ்—'

4
நான் பேர் தேடிக்கொண்டிருக்கும்போதே மனைவி உப்புச் சர்க்கரைக் கரைசலையும் ஸ்பூனையும் அவர் கையில் திணித்துவிட்டாள்.

"ஆராய்ச்சி அப்புறம். ஊட்டுங்க."

முதல் ஸ்பூனை உருண்டை துப்பினாள். அவர் பயந்தே போனார். தொழில்தான் கைகொடுத்தது.

"ஒண்ணாவது மாடி... வாயத் திற, கதவு திறக்குது... ரெண்டாவது மாடி..."

நிமிடத்துக்கு ஒரு மாடி. பத்தொன்பதில் வாந்தி, பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி மெதுவாக ஏறினார். நாற்பத்திரண்டில் அவர் மடி சூடானது.

"இங்க பாரு! நனைச்சிட்டா! பேன்ட் முழுக்க நனைச்சிட்டா!"

காத்திருந்த கூட்டமே திரும்பிப் பார்த்தது. மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள்.

5
கிருமியின் பேரை நான் எழுதவில்லை. இதோ இடம்: ________. வைரஸோ பாக்டீரியாவோ, உங்கள் இஷ்டம்.

வேறொரு முடிவும் எழுதியிருந்தேன். ஸ்பூன் எட்டாத வீடுகளில் அது இன்னும் நடக்கிறது என்பதும் தெரியும். அதைக் கேட்காதீர்கள், தர மாட்டேன். வில்லனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எங்களுக்கு வேண்டும்.