நேரடி முதலீடு

குடிகாட்டு கெமிக்கல் கம்பெனியை வெளிநாட்டுக்காரன் வாங்கிய மறுவாரமே கம்பெனி வாசலில் பேனர் எழும்பியது. ‘அந்நிய நேரடி முதலீடே வருக!’ எழுத்தைவிடக் கும்பிடு போட்டு நின்ற உள்ளூர்த் தலைகள்தான் பெரிசு.

சகாயநாதன் அதில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டான். நேரடி. பாய்லர் ஓட்டி ஓட்டி முகம் வெந்தவன் அவன். ஆனால் கம்பெனி ஆள் இல்லை, காண்ட்ராக்டர் தேவநாதனின் ஆள். தேவநாதன் பாய்லர் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சம்பளத்தில் கைவைக்க மட்டும் தவறாமல் வந்துவிடுவான்.

"நேரடின்னு போட்டுருக்கான் மேரி. இனிமே நடுவுல எவனும் கெடையாது."

அவன் பெண்டாட்டி வியாகுலமேரி முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த விரலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "நெல்லுக்குந்தான் நேரடி கொள்முதல்னு போர்டு வச்சிருக்கான். எங்க அண்ணன் மூட்டைக்கு மூட்டை காசு அழுதாத்தான் எடை போடுறான்."

"அது கெவருமெண்டு. இவன் வெள்ளக்காரன்."

"ஆமா, ஒனக்குத் தாய்மாமன் பாரு."

காண்ட்ராக்டில் பேர் இருந்தால் புதுக் கம்பெனி எடுக்காது என்று சகாயநாதனே முடிவுகட்டிக்கொண்டான். மறுநாள் டீக்கடையில் வைத்துத் தேவநாதனிடம் வேலையை விட்டான். சும்மா விடவில்லை.

"ஒன் கமிஷன் பொழப்பு முடிஞ்சிதுடா. பண்ருட்டி போயி பலாச்சொள வித்துப் பொழச்சிக்க."

கடையே சிரித்தது. தேவநாதனும் சிரித்தான். "சரி மச்சான்."

ஆள் எடுப்பு சிதம்பரத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில். குடிகாட்டு வேலைக்கு எதற்குச் சிதம்பரம்? வெளிநாட்டுக்காரன் நடராஜரைப் பார்க்க வேண்டுமாம். மேடையில் மாலையோடு அவன் உட்கார்ந்திருக்க, பொருளாதாரம் படித்த ஒருவர் மாவட்டத்தின் வளர்ச்சியைத் திரையில் காட்டினார். கோடு ஏறிக்கொண்டே போனது. கீழே ஃபேன் ஓடவில்லை. ஆனாலும் கை தட்டச் சொன்னார்கள், தட்டினார்கள்.

ஆள் எடுக்கும் மேசையில் புது நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தவன் தேவநாதன்.

"வா மச்சான். சொள வாங்க வந்தியா?"

"நீ எங்கடா இங்க?"

"பணந்தான்டா நேரடியா வருது. ஆளு எப்பவும்போல என் வழியாத்தான்."

"என் பழைய சர்வீசு?"

"எங்கிட்ட இருந்தவனெல்லாம் பழைய சர்வீசோட புதுக் கம்பெனி காண்ட்ராக்டுக்கு மாறிட்டான். நீதான் ஜாஸ்தி பேசி உட்டுட்டுப் போனியே. இப்ப நீ புது ஆளு. ஹெல்பர். வேணும்னா கையெழுத்துப் போடு, இல்லன்னா நகரு, பின்னால ஆளு நிக்கிது."

மேடைக்குப் போய்க் கேட்கலாம். எந்த மொழியில் கேட்பது? வெளிநாட்டுக்காரன் போட்டோவுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். சகாயநாதன் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்ததும் வியாகுலமேரி போன் அடித்தாள்.

"கெடச்சிதா?"

"ம்."

"கம்பெனியிலயா?"

"கம்பெனிக்குள்ளதான்."

"பாய்லராவது ஒன்கிட்ட இருக்கா, அதுவும் போச்சா?"

"ஒரே சத்தமா கெடக்கு, ஒண்ணும் கேக்கல" என்று போனை வைத்தான்.

உச்சி வெயில். தெருவில் ஈ காக்கை இல்லை.